பிறையைத் திருடியவர் பள்ளிக்கு வந்தார்

விராலிமலையில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. வெள்ளை வெளேரென்று ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டில் மூன்று தங்க வளையல். விரித்த உள்ளங்கையில் ஒரே ஒரு முந்திரிப் பருப்பு. அதற்கு மேலே பெரிய எழுத்தில், "அம்மாவின் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பிறை!" என்று எழுதியிருந்தது. கீழே ஓர் இனிப்புக் கடையின் பெயர்.

பஸ் வேகமெடுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் சத்தம் போட்டார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வரி என்னுடையது.

என் அம்மா கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவர். கொட்டையைத் தகரத்தில் கொட்டித் தீ மூட்டிச் சுடுவார்கள். ஓட்டிலிருந்து எண்ணெய் பொங்கி எரியும். தீய்ந்த கொட்டையை மண்ணில் தள்ளி, சாம்பலைப் பூசிய கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டையால் தட்டினால் உள்ளே பருப்பு. எத்தனை சாம்பல் பூசினாலும் அந்த எண்ணெய் தோலைத் தின்றுவிடும். அம்மாவின் கையில் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து கறுப்புத்தான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வரும்போது முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொள்வார்.

புதுக்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்தபோது அந்தக் கையைப் பற்றி ஏழு வரி எழுதினேன்.

அம்மா கை விரித்தாள்.
உள்ளங்கை முழுக்க இரவு.
சோப்புப் போட்டுத் தேய்த்தும்
விடியாத இரவு.
நடுவில் ஒரு வெள்ளைப் பிறை.
அதை அவள்
ஒருநாளும் தின்றதில்லை.

எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் ஒருவர் அப்போது கல்லூரியில் பெரிய கவிஞர். மாணவர்களின் கவிதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடப் போவதாகச் சொல்லி எங்கள் நோட்டுகளை வாங்கிப் போனார். என் நோட்டில் முப்பது கவிதைகளுக்கு மேல் இருந்தன. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புத்தகம் வரவில்லை. நோட்டும் வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. அதற்குள் அவர் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நான் கவிதை எழுதவில்லை. தமிழாசிரியையாக வேலை கிடைத்தது. திருக்கோகர்ணத்தில் வீடு. கந்தர்வக்கோட்டை சாலையில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்கிறேன்.

அவர் பட்டிமன்றங்களில் பேசி, டவுனில் விளம்பர ஏஜென்சி வைத்து, பெயருக்கு முன்னால் 'கவிஞர்' போட்டுக்கொண்டு நன்றாக இருந்தார். அந்தப் பலகையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, 'நம்ம வரி' என்று எழுதியிருந்தார் என்பதை எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

நம்பர் வாங்கிப் போன் செய்தேன்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? எத்தன வருசமாச்சு!"

"நல்லா இருக்கேண்ணே. விராலிமலை ரோட்டுல ஒரு போர்டு வச்சிருக்கீங்கள்ல. அந்த வரி என்னோடது."

"எந்த வரி?"

"வெள்ளைப் பிறை."

அவர் சிரித்தார். "பிறை என்ன ஒங்க கொல்லையிலயா மொளைக்குது? முந்திரிப் பருப்பப் பாத்தா யாருக்கும் தோணுறதுதானே?"

"நான் நோட்டுல எழுதி ஒங்ககிட்ட குடுத்தேண்ணே. தொகுப்புப் போடுறேன்னு வாங்குனீங்க."

"அதெல்லாம் என்னைக்கோ பழைய பேப்பர்காரன்கிட்ட போயிருக்கும்மா. கோவிச்சுக்காத. ஒரு நா அந்தக் கடைக்குப் போ. நான் சொன்னேன்னு சொல்லு, ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுப்பாங்க."

அந்த ஸ்வீட் பாக்ஸை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன். வீட்டில் கணவரும், "விட்டுத் தள்ளு, ஒரு வரிதானே" என்றார். ஆனால் அந்தச் சிரிப்பும் ஸ்வீட் பாக்ஸும் காதை விட்டுப் போகவில்லை. சட்டப்படி என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என்னிடம் இருந்தது ஒரு வகுப்பு. நாற்பத்தொரு பெண் பிள்ளைகள். பாடத்தில் 'படிமம்' என்று ஒரு பகுதி. ஒரு கவிஞர் சொல்லால் எப்படிப் படம் காட்டுகிறார் என்பதுதான் அது. வழக்கமாக இரண்டு பீரியடில் முடித்துவிடுவேன். அந்த வருடம் இரண்டு மாதம் நடத்தினேன்.

கவிதையில் ஆரம்பிக்கவில்லை. விளம்பரத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் கிடக்கிற விளம்பரத் தாள், பத்திரிகைப் படம், எது கிடைத்தாலும் கொண்டு வரச் சொன்னேன். போர்டில் ஒட்டிவிட்டு இரண்டே கேள்விதான் கேட்பேன். இந்தப் படத்தில் என்ன இருக்கிறது? இருக்க வேண்டியது எது இல்லை?

முதல் கேள்விக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குத்தான் விழித்தார்கள். ஒரு கூந்தல் தைல விளம்பரம். அருவிக்குப் பக்கத்தில் முட்டி வரைக்கும் முடியை விரித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அருவிக்கிட்ட நிக்கிறா. ஒரு சொட்டு ஈரம் இல்லையே?"

வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவர்களுக்குக் கண் திறந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு மனை விற்பனைத் தாள் வந்தது. தென்னந்தோப்பு, குளம், நீல வானம், மயில். "டீச்சர், இந்த எடம் எங்க ஊருக்குப் பக்கத்துல. பொட்டக்காடு. தண்ணிக்கு டேங்கர்தான் வரும். மயிலு மட்டும் நெசம்" என்றாள் ஒருத்தி. சிமெண்ட் விளம்பரத்தில் வீடு இருக்கிறது, கட்டியவர்கள் யாரும் இல்லை என்றாள் கொத்தனாரின் மகள். ஆசிரியை என்ற முறையில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாரும் தேறிய பிறகு ஒரு நாள் அந்த முந்திரி விளம்பரத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோய் ஒட்டினேன். பக்கத்தில் என் ஏழு வரியையும் எழுதினேன். "ஒரு பொண்ணு எழுதுனது" என்று மட்டும் சொன்னேன்.

வகுப்பு லீடர் நெட்டையான பிள்ளை, வாய்த் துடுக்கு. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "டீச்சர், பிறை தெரியணும்னா இருட்டு வேணும்ல? கவிதையில கை கறுப்பா இருக்கு, அதான் பிறைங்கிறாங்க. இங்க கையே வெள்ளையா இருக்கே. இதுல எப்புடிப் பிறை தெரியும்?"

"ஆக, என்ன இல்ல?"

"ராத்திரி இல்ல டீச்சர்."

நான் திரும்பி நின்று போர்டை அழிப்பதுபோல் பாவனை செய்தேன். கண் கலங்கிவிட்டது. என் வரி எத்தனையோ வருடம் கழித்து ஒருத்திக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எப்போதும் கையை டெஸ்க்குக்குக் கீழே வைத்துக்கொண்டிருப்பாள். லீவு நாளில் அம்மாவுடன் கொட்டை உடைக்கப் போகிறவள். அன்றைக்கு அவள் கேட்காமலே எழுந்தாள். "கொட்ட சுட்ட கை இப்புடி இருக்காது டீச்சர். எங்க அம்மாவுக்கு ரேஷன் கடையில ரேகையே விழாது" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல் நுனிகளைப் பார்த்தேன். அவரை வரவழைத்தால் முதல் கேள்வியை இவள்தான் கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் கையைப் பார்த்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

கவிதையை எல்லாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று கேட்டார்கள். "வரும்" என்றேன்.

அந்த மாதமே தலைமையாசிரியையிடம் போனேன். "மேடம், இலக்கிய மன்ற நிறைவு விழாவுக்கு இந்த வருசம் ஒரு கவிஞரக் கூப்பிடலாமா?"

"யாரு, அந்தப் பட்டிமன்றத்துல பேசுவாரே, அவரா? நம்ம ஸ்கூலுக்கெல்லாம் வருவாரா?"

"எனக்கு காலேஜ் சீனியர் மேடம். நான் கூப்பிட்டா வருவாரு. பிள்ளைக கேள்வி கேக்குற மாதிரி ஒரு அரை மணி நேரம் வைப்போம்."

மேடத்துக்கு மகிழ்ச்சி. கவிஞருக்கு அதைவிட மகிழ்ச்சி. "கோவம் போயிருச்சா?" என்று போனில் கேட்டார். "போயிருச்சுண்ணே" என்றேன். அதை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன்.

விழா பள்ளி மைதானத்தில், ஷாமியானாவுக்குக் கீழே, மத்தியானம் மூன்று மணிக்கு. கவிஞர் காரில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, மூக்குக்கண்ணாடி. மேடம் சால்வை போட்டார். கவிஞர் என்னைப் பார்த்து, "என் தங்கச்சி மாதிரி" என்று மைக்கில் சொன்னார். நாற்பது நிமிடம் பேசினார். தாய்மை என்றார், தமிழ் என்றார். பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். நன்றாகப் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. நான் எதிர்பார்த்த இடத்துக்கு அவராகவே வந்தார்.

"விராலிமலை ரோட்டுல போறப்ப ஒரு போர்டு பாத்திருப்பீங்க. அம்மாவின் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பிறை! அத எழுதுனது யாரு தெரியுமா? ஒங்க முன்னால நிக்கிற நான்தான்!"

மற்ற வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். என் நாற்பத்தொரு பேரும் தட்டவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. மூன்றாவது பெஞ்சுக்காரி மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, பிறை தெரியணும்னா இருட்டு வேணும்ல? போர்டுல அந்தக் கை வெள்ளையா இருக்கே. கொட்ட ஒடைக்கிறவங்க கை இப்புடித்தாங்க ஐயா இருக்கும்."

கையை உயர்த்திக் காட்டினாள். அதுவரை டெஸ்க்குக்குக் கீழே இருந்த கை. முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமையான கேள்விம்மா. நீ சொல்றதுதான் நெசம். நான் எழுதுறப்ப என் கண்ணு முன்னால நின்னது கறுத்த கைதான். எங்க அம்மா கை. பெரிய கவிதையா எழுதுனேன். கடைக்காரங்க அழகா இருக்கட்டும்னு ஒரு வரிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை. வரியை எடுத்தது போதாதென்று இப்போது என் அம்மாவின் கையையும் எடுத்துக்கொண்டார். அந்த நிமிடம் வரைக்கும் எனக்குள் ஓரத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது.

லீடர் எழுந்தாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்விகளில் முதலாவது மட்டும்தான் நான் கொடுத்தது. இது அவளாகக் கேட்டது.

"அப்ப அந்தப் பெரிய கவிதையச் சொல்லுங்க ஐயா. எழுதி வச்சுக்கிறோம்."

"அது... ரொம்ப நாளாச்சும்மா." சிரித்தார். "அம்மா... அன்பின் இமயமே... உன் கரம் பட்டால்..." நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

"அது இல்லைங்கய்யா" என்றாள் லீடர். "ஏழு வரி. எங்களுக்குத் தெரியும்."

நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். பரீட்சைக்கு வரும் என்று நான் சொன்னதால் ஒருத்தியும் பிசகவில்லை. 'அம்மா கை விரித்தாள்' என்று தொடங்கி, 'ஒருநாளும் தின்றதில்லை' வரைக்கும் சொன்னார்கள். அவர் ஐந்தாவது வரியில் என்னைத் தேடினார். நான் மேடையின் பக்கவாட்டில்தான் நின்றிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரைப் பார்த்தேன். எத்தனையோ நாள் கற்பனை செய்து வைத்திருந்த பார்வை அது.

மேடம் குழம்பிப்போய் மைக்கில்லாமலே கேட்டார். "இத யாரு எழுதுனது?"

நான் முன்னால் வந்து மைக்கை வாங்கினேன். "நான்தான் மேடம். காலேஜ் படிக்கிறப்ப எழுதுனது. நோட்டு ஐயாகிட்ட குடுத்தேன். பழைய பேப்பர்காரன்கிட்ட போயிருக்கும்னு ஐயாவே போன்ல சொன்னாரு."

அவர் சால்வையோடு எழுந்து காருக்குப் போனார். வடையும் காபியும் மேசை மேலேயே இருந்தன. டிரைவர் எங்கோ டீ குடிக்கப் போயிருந்ததால் பூட்டிய காருக்குப் பக்கத்தில் வெயிலில் சற்று நேரம் நின்றார். மைதானத்தில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தோம். அந்த டிரைவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

விழா முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூன்றாவது பெஞ்சுக்காரி என்னிடம் வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், அது ஒங்க அம்மா கையா?"

"ஆமாடா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? நான் என் கைய காட்டுனேன். நீங்க சொல்லவே இல்லையே."

"வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளிடம் மட்டும் பிறகு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று இன்றும் தெரியாது.

மறுநாளே மெமோ வந்தது. சிறப்பு விருந்தினரை மாணவியரைக் கொண்டு அவமதித்தது குறித்து விளக்கம் அளிக்க வேண்டும். நான் மூன்று வரியில் பதில் எழுதினேன். பாடத்திட்டத்தில் உள்ள படிமம் என்ற பகுதியை நடத்தினேன். மாணவியர் நன்கு புரிந்துகொண்டனர். விருந்தினரிடம் அவர்கள் கேட்டவை பாடம் தொடர்பான கேள்விகளே. மேடம் அதை இரண்டு தரம் படித்தார். பைலில் வைத்துக் கட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே நோட்டக் குடுக்கலையா?" என்று கேட்டார்.

யாரோ போனில் பிடித்த வீடியோ ஆசிரியர் குழுக்களில் எல்லாம் சுற்றியது. கார் பக்கத்தில் அவர் நிற்கிறது வரைக்கும் அதில் இருந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியவர்களைத் தடுக்கவும் இல்லை. இரண்டு வாரத்தில் விராலிமலைப் பலகையில் ஒரு தட்டு ஜாங்கிரி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளி எதிலும் அவரைக் கூப்பிட்டதாகக் கேள்விப்படவில்லை.

அந்த வெற்றியோடு அம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். அம்மா அதில் பிள்ளைகள் கவிதை சொல்வதைக் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என் கையையா பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் சொன்ன?"

"ஒங்க கையப் பத்தித்தான் கவிதையேம்மா."

"நான் மறைச்சு மறைச்சு வச்சுக்கிட்டு இருந்தேன். ஒனக்குத் தெரியாதா?" முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தப் படத்துல இருந்த கை நல்லாத்தானே இருந்துச்சு. அவன் எழுதுனா எழுதிட்டுப் போறான்."

எனக்குச் சுருக்கென்றது. வாதாடினேன். அது திருட்டு என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டார், ஆனால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடியும் அதைத்தான் செய்வேன். மூன்றாவது பெஞ்சுக்காரியிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அந்தக் கவிஞரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். கல்லூரி நண்பர் ஒருவரின் மகள் கல்யாணம், புதுக்கோட்டையில் ஒரு மண்டபம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் வரிசையில், எனக்கு நேரே அவர். இரண்டு பக்கமும் ஆள், பின்னால் சுவர். அவருக்கும் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து போக முடியாது.

அவர் அவசரமாகச் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு இலையை மூடினார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழாமல் இவரால் வெளியே வர முடியாது. மூடிய இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் ரசம் வாங்கினேன். மோர் வாங்கினேன். பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுப் பாயசம் இன்னொரு தரம் கேட்டேன். அன்றைக்குச் சாப்பாடு மிக நன்றாக இருந்தது.